தரைவிரிப்பு அமுங்குவதும் தேய்வதும் ஒன்றல்ல

கேட்டவர் எழுதியிருந்ததன் சாரம் இது. இங்கிலாந்தில் ஒரு வாடகை வீட்டில் அவர் நான்கு ஆண்டுகளாகக் குடியிருக்கிறார். குடிபுகும்போது புதிதாகப் போடப்பட்டிருந்த கார்ப்பெட் இப்போது வாசலிலிருந்து சமையலறை வரை ஒரு தடமாகப் படிந்து கருத்திருக்கிறது. மாடிப்படிகளின் விளிம்புகளும் அப்படியே. வாரந்தோறும் வேக்குவம் போட்டும் அந்தத் தடம் எழும்பவில்லை. 'கார்ப்பெட் தேய்ந்துவிட்டது, புதிது போடும் செலவை டெபாசிட்டில் கழித்துக்கொள்வேன்' என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். கேள்வியாக அவர் எழுதியது 'இதை மறுபடி நிமிர்த்த வழி உண்டா' என்ற ஒரு வரிதான். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்வதற்கு முன், அங்கே நடந்திருப்பது தேய்மானமா அமுக்கமா என்று முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவைப் பொறுத்தே நிமிருமா நிமிராதா என்பதும், பணம் யார் கையைவிட்டுப் போக வேண்டும் என்பதும் அமையும்.

நான் ஜவுளித் தொழில்நுட்பம் படித்து, தரைவிரிப்புகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவன். இழை, நூல், முறுக்கு ஆகியவற்றைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். சட்டம் என் துறையன்று; அதைப் பற்றி இறுதியில் சொல்வதை ஒரு வழிகாட்டலாக மட்டும் கொள்க. மேலும், அனுப்பப்பட்ட படத்தை வைத்து அந்தக் கார்ப்பெட் எந்த இழையால் ஆனது என்று யாராலும் சொல்ல இயலாது. அதைக் கண்டறியும் எளிய வழியைக் கீழே எழுதியிருக்கிறேன்.

கார்ப்பெட்டின் மேல் நிமிர்ந்து நிற்கும் நூற்பரப்பைத் தொழிலில் பைல் என்பார்கள். இன்று வீடுகளில் சுவருக்குச் சுவர் ஒட்டிப் போடப்படுபவற்றில் பெரும்பாலானவை டஃப்டிங் இயந்திரத்தில் செய்யப்படுபவை: ஊசி வரிசை ஒன்று நூலை அடித்துணியின் வழியாகக் குத்தி இறக்கி வளையமாக விடும், அந்த வளையத்தை அப்படியே விட்டால் லூப் பைல், வெட்டிவிட்டால் கட் பைல். பின்புறம் லேடெக்ஸ் பூசி இரண்டாவது அடித்துணியை ஒட்டிவிடுவார்கள். ஆக, காலடியில் இருப்பது சில மில்லிமீட்டர் உயரமுள்ள, அடியில் மட்டும் பிடிமானம் கொண்ட லட்சக்கணக்கான நூல் முனைகள். பவானி ஜமக்காளத்துக்கு இந்தத் தொல்லை இல்லாததற்குக் காரணமும் இதுவே: அதில் நிமிர்ந்து நிற்பதற்கே எதுவும் இல்லை, படுக்கையாக ஓடும் நூலைப் படுக்க வைக்க முடியாது.

ஒருவர் மிதிக்கும்போது இந்த நூல்கள் நெடுக்காக நசுங்குவதில்லை, வளைந்து சாய்கின்றன. காலை எடுத்ததும் சாய்வில் ஒரு பகுதி உடனே மீள்கிறது, இன்னொரு பகுதி நிமிடங்களிலோ மணிநேரங்களிலோ மெல்ல மீள்கிறது, மிகச் சிறிய ஒரு பகுதி மீள்வதே இல்லை. அந்த மீளாத பகுதிகள் சேர்ந்து சேர்ந்துதான் தடம் உருவாகிறது. புதிய கார்ப்பெட் தன் உயர இழப்பின் பெரும்பகுதியைத் தொடக்கத்து மிதிகளிலேயே சந்தித்துவிடும். பிறகு இழப்பின் வேகம் குறைந்துகொண்டே போகும். ஆகவே முதல் சில மாதங்களில் தடம் தெரியத் தொடங்கியதை வைத்து 'இந்த வேகத்தில் போனால் அடுத்த ஆண்டு ஓட்டை விழும்' என்று கணக்குப் போடுவது தவறு. நேராக நடப்பதைவிடத் திரும்புவது மோசமானது. சமையலறை வாசலில், சோபாவின் முன்னால், படியின் திருப்பத்தில் கால் ஊன்றித் திரும்பும்போது நூல் சாய்வதோடு முறுக்கும் அவிழ்கிறது. பாதணியும் ஒரு பொருட்டுத்தான்: 60 கிலோ எடையுள்ளவர் தட்டையான செருப்பின் 150 சதுர சென்டிமீட்டர் பரப்பில் நின்றால் அழுத்தம் சுமார் 40 கிலோபாஸ்கல், அதே எடை ஒரு சதுர சென்டிமீட்டர் குதிமுனையில் இறங்கினால் சுமார் 6,000 கிலோபாஸ்கல்.

எவ்வளவு மீளும் என்பதை முதலில் தீர்மானிப்பது இழை. கம்பளி இழை பிறவியிலேயே நெளிவுள்ளது. அழுத்தம் போனதும் நன்றாக எழும். நைலானில் மூலக்கூறுத் தொடர்களுக்கிடையே ஹைட்ரஜன் பிணைப்புகள் உள்ளன. வளைவு நீங்கியதும் அவை பழைய நிலைக்கு இழுத்து வரும். உரசலைத் தாங்குவதில் பொதுவாகப் புழங்கும் இழைகளுள் நைலானுக்கு மிஞ்சியது இல்லை. பிரிட்டனில் நெடுங்காலமாக மதிக்கப்படும் 80 விழுக்காடு கம்பளி, 20 விழுக்காடு நைலான் என்ற கலவை, கம்பளியின் மீட்சியோடு நைலானின் உறுதியைச் சேர்க்க வந்ததே. பாலிபுரொப்பிலீன் இதற்கு நேர்மாறு. அதன் தொடர்களுக்கிடையே வலுவான பிடிப்பு இல்லை. சாதாரண அறை வெப்பத்திலேயே அது சுமையின் கீழ் மெல்ல நழுவி, நழுவிய நிலையிலேயே நின்றுவிடும். கறை பிடிக்காது, ஈரம் உறிஞ்சாது, விலை மலிவு; ஆகவேதான் வாடகை வீடுகளில் அது மிகுதியாகக் காணப்படுகிறது. பாலியெஸ்டர் மீட்சியில் நைலானுக்குக் கீழே. ஆனால் அடர்த்தியாகச் செய்தால் மோசமில்லை. 'மூங்கில் பட்டு', 'ஆர்ட் சில்க்' என்ற பெயர்களில் விற்கப்படும் விஸ்கோஸைப் பற்றி ஒன்றே ஒன்று: நடைவழியில் போடவே வேண்டாம். ஈரம் பட்டால் அதன் வலிமை பெருமளவு குறையும். ஒரு முறை தண்ணீர் சிந்தினால் அந்த இடம் நிரந்தரமாகப் படிந்துவிடும்.

இழைக்கு அடுத்தது அதன் தடிமன். ஓர் இழை வளைய மறுக்கும் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைச் சார்ந்தது. விட்டத்தை இரட்டித்தால் ஒரு தனி இழை 16 மடங்கு விறைக்கும். அதே எடைக்கு இழைகளின் எண்ணிக்கை நான்கில் ஒன்றாகக் குறைந்தாலும் மொத்தத்தில் நான்கு மடங்கு ஆதாயம். கடையில் கையால் தடவி 'எவ்வளவு மென்மை' என்று நாம் வியந்து வாங்கும் கார்ப்பெட், நுண்ணிழைகளால் ஆனது என்பதாலேயே விரைவில் படுக்கிறது. கைக்கு இதமாக இருப்பதையும் காலுக்குத் தாக்குப்பிடிப்பதையும் ஒரே விலையில் எதிர்பார்ப்பது சரியன்று என்பது என் கருத்து. விற்பனையாளர்கள் இதை ஒருபோதும் எடுத்துச் சொல்வதில்லை.

மூன்றாவது அடர்த்தி, என் அனுபவத்தில் மற்ற எல்லாவற்றையும்விட இதுவே பெரியது. கூட்டம் நெருக்கியடிக்கும் பேருந்தில் நிற்பவர் பிரேக் போட்டாலும் விழுவதில்லை. பக்கத்தில் இருப்பவர் தாங்கிக்கொள்கிறார். பைலிலும் அதுதான் நடக்கிறது. குட்டையாகவும் நெருக்கமாகவும் இருக்கும் நூல்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். உயரமாகவும் இடைவெளியோடும் இருப்பவை முதல் மிதியிலேயே மடங்கும். ஒரே எடை இழையைக் கொண்டு 15 மில்லிமீட்டர் உயரத்தில் செய்ததைவிட 8 மில்லிமீட்டர் உயரத்தில் செய்தது ஏறக்குறைய இரு மடங்கு அடர்த்தி உடையது. மாதிரித் துண்டை வெளிப்புறமாக மடித்துப் பாருங்கள். மடிப்பில் அடித்துணி எளிதில் பல்லிளித்தால் அந்தக் கார்ப்பெட் எவ்வளவு உயரமாக இருந்தாலும் பயனில்லை. கட் பைலில் முறுக்கையும் பார்க்க வேண்டும். நைலான் நூலை முறுக்கி, 130 டிகிரி செல்சியஸை ஒட்டிய நீராவியில் வைத்து அந்த முறுக்கை நிலைநிறுத்துவார்கள். மிதிபடும்போது நூலின் முனையில் அந்த முறுக்கு அவிழ்கிறது. அவிழ்ந்த இழைகள் பக்கத்து நூலின் இழைகளோடு சிக்கிக்கொள்கின்றன. அதற்குப்பின் தனித்தனி நூல் முனைகள் தெரியாமல் மேற்பரப்பு ஒரே பாயாகத் தோன்றும். நீங்கள் 'கருத்திருக்கிறது' என்று சொல்வதில் ஒரு பங்கு அநேகமாக இதுவாக இருக்கலாம்.

இவ்வளவும் அமுக்கம். இவற்றில் எதிலும் ஓர் இழைகூடக் கார்ப்பெட்டை விட்டுப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். தேய்மானம் என்பது இழை அறுந்து வெளியேறுவது; பைல் மெலிந்து, இறுதியில் அடித்துணி தெரிவது. அதற்கு முதன்மைக் காரணம் மணல். காலணியில் ஒட்டி வரும் குவார்ட்ஸ் துகள் எந்த இழையைவிடவும் பன்மடங்கு கடினமானது. அது பைலின் அடிக்கு இறங்கி, மேலே ஒவ்வொரு கால் படும்போதும் இழையின் வேரை அராவுகிறது. அராவப்பட்ட இழை அறுவதற்கு வெகு முன்பே தன் பளபளப்பை இழக்கிறது: கீறல்கள் ஒளியைச் சிதறடிப்பதால் அந்த இடம் மங்கலாகத் தெரியும், எத்தனை முறை கழுவினாலும் அந்த மங்கல் போகாது. இன்னொரு காரணம் திரும்பத் திரும்ப வளைவதால் வரும் களைப்பு. கம்பளி இழைகள் இப்படி நெடுக்காகப் பிளந்து உதிரும். புதிய கம்பளிக் கார்ப்பெட் முதல் சில மாதங்களில் பஞ்சு பஞ்சாக உதிர்வதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது நூற்கும்போதே உள்ளே தங்கிய குட்டை இழைகள் வெளியேறுவது, தானே நின்றுவிடும்.

ஆய்வகத்தில் இவ்விரண்டையும் நாங்கள் தனித்தனியாகவே பார்ப்போம். தோற்றம் எப்படி மாறுகிறது என்பதை அறிய, கார்ப்பெட் துண்டை ஓர் உருளையின் உட்புறம் பொருத்தி, ரப்பர்க் குமிழ்கள் பதித்த கனமான எஃகுப் பந்தை உள்ளே போட்டு 5,000 முறையும் 22,000 முறையும் சுழற்றுவார்கள். இது வெட்டர்மன் உருளை. ஆறு கால்கள் கொண்ட உருளியைப் பயன்படுத்தும் ஹெக்ஸாபாட் முறையும் உண்டு. சுழற்றிய துண்டைப் புதிய துண்டோடு ஒப்பிட்டு, பயிற்சி பெற்றவர்கள் 5 முதல் 1 வரை மதிப்பிடுவார்கள். 5 என்றால் மாற்றமில்லை. ஐரோப்பாவில் வீட்டுப் பயன்பாட்டுக்கு 21, 22, 23 என்றும் வணிகப் பயன்பாட்டுக்கு 31, 32, 33 என்றும் ஒட்டப்படும் வகுப்பு எண்களுக்குப் பின்னால் இத்தகைய சோதனைகள் இருக்கின்றன. ஒரு குறை: உருளைக்குள் மணல் இல்லை, சிந்திய எண்ணெய் இல்லை, திரும்பும் குதிகால் இல்லை. எனவே அந்த எண் ஒரு கார்ப்பெட்டை இன்னொன்றோடு ஒப்பிட உதவுமே தவிர, உங்கள் வீட்டில் எத்தனை ஆண்டு வரும் என்பதைச் சொல்லாது.

இத்தனை சோதனைகளுக்குப் பின்னும் எனக்கு ஐயமே இல்லாத முடிவு ஒன்று உண்டு: வீடுகளில் தூக்கி எறியப்படும் கார்ப்பெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை தேய்ந்து போனவை அல்ல, பார்க்கச் சகிக்காமல் போனவை. இழை முழுவதும் அங்கேயே இருக்கும். அதன் நிலை மட்டும் போயிருக்கும். உற்பத்தியாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நீண்ட ஆண்டுக் கணக்கில் தரப்படும் 'தேய்மான உத்தரவாதம்' பலவற்றை நிதானமாகப் படித்தால், குறிப்பிட்ட பரப்பில் 10 விழுக்காட்டுக்கு மேல் இழை எடை குறைந்தால் மட்டுமே அது செல்லும் என்றும், மாடிப்படிக்குப் பொருந்தாது என்றும், அமுங்குவது தேய்மானம் ஆகாது என்றும் எழுதியிருக்கும். எளிதில் நடக்காத ஒன்றுக்குத் தரும் உத்தரவாதம் அது.

இனி உங்கள் கார்ப்பெட். முதலில் இழையைக் கண்டறிய, அலமாரிக்குள்ளோ மூலையிலோ ஒரு நூல் முனையிலிருந்து சில இழைகளைக் கத்தரித்து, ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரில் நன்றாக நனைத்து அமிழ்த்திவிடுங்கள். பாலிபுரொப்பிலீன் தண்ணீரைவிட இலேசானது; விட்டதும் மேலே வரும். கம்பளி, நைலான், பாலியெஸ்டர் மூன்றும் மூழ்கும். மூழ்கியவற்றில் கம்பளியை அறிய, ஓர் இழையை இடுக்கியில் பிடித்துத் தொட்டியின் மேல் வைத்துக் கொளுத்திப் பார்க்கலாம். மயிர் பொசுங்கும் வாடை தவறாமல் வரும். அடுத்து, சோபாவின் அடியில் ஒருபோதும் மிதிபடாத இடத்தையும் தடத்தையும் ஒப்பிடுங்கள். தடத்தில் பைலை விரலால் பிளந்து, சாய்ந்த நூலை நிமிர்த்திப் பிடித்து அளவுகோலை வையுங்கள். நிமிர்த்திய நீளமும் நூலின் பருமனும் சோபாவின் அடியில் உள்ளதைப் போலவே இருந்தால் அது அமுக்கம். நீளம் குறைந்தோ, அடியில் நூல் மெலிந்தோ, அடித்துணி தெரிந்தோ இருந்தால் அது தேய்மானம். கருமைக்கு ஒரு தனிச் சோதனை: தடத்தை ஜன்னல் பக்கத்திலிருந்தும் எதிர்ப்பக்கத்திலிருந்தும் பாருங்கள். ஒரு பக்கம் கருப்பாகவும் மறுபக்கம் வெளிறியும் தெரிந்தால் அது நூல் சாய்ந்திருப்பதன் ஒளி விளையாட்டு. இரண்டு பக்கமும் ஒரேபோல் கருமையாக இருந்தால் அழுக்கு அல்லது கீறல்.

நடைவழிக்குத் தொடர்பே இல்லாத இடத்தில் தண்ணீர் தேங்கியது போல ஒழுங்கற்ற வடிவில் கருத்த திட்டு இருந்தால், அது பைல் திசை மாறிப் படுப்பதால் வருவது. கட் பைலில் எந்த இழையிலும், எந்த விலையிலும் இது நேர்கிறது. அது ஏன் சில வீடுகளில் மட்டும் வருகிறது என்பதற்குத் தொழில் இன்னும் ஏற்றுக்கொண்ட விளக்கம் இல்லை. நிலைமின்சாரம், காற்றோட்டம், தரையின் மேடுபள்ளம் எனப் பலவும் சொல்லப்படுகின்றன, எதுவும் நிறுவப்படவில்லை. அதைச் சரிசெய்து தருவதாகச் சொல்பவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

நிமிர்த்துவது இழையைப் பொறுத்தது. கம்பளியும் நைலானும் ஈரத்தை உள்வாங்கும். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அவற்றின் உட்பிணைப்புகள் தளர்ந்து, காயும்போது புதிய நிலையில் இறுகும். எனவே சிறிய இடத்தில் ஈரமான வெள்ளைப் பருத்தித் துணியை விரித்து, நீராவி இஸ்திரிப் பெட்டியை அதன் மேல் அழுத்தாமல் காட்டி, துணியை எடுத்துவிட்டு விரலாலோ அகன்ற சீப்பாலோ நூலை நிமிர்த்தி, முழுவதும் காயும்வரை மிதிக்காமல் விடுங்கள். மேஜைக்கால் பள்ளங்கள் இப்படி நன்றாக எழும். முழு நடைவழிக்கும், சுடுநீரைப் பீய்ச்சி உறிஞ்சும் முறையில் சுத்தம் செய்பவரை அழைத்து, ஈரம் இருக்கும்போதே பைலை வாரிவிடச் சொல்லுங்கள். சோப்பு எச்சம் நின்றால் அழுக்கு முன்னைவிட வேகமாக ஒட்டும் என்பதால் கடைசியில் வெறும் நீரால் அலசச் சொல்வதும் முக்கியம். பாலிபுரொப்பிலீன் ஈரத்தை ஏற்காது; அது சுமார் 165 டிகிரியில் உருகும், அதற்கு முன்பே இளகும். இஸ்திரிப் பெட்டி பட்டால் கார்ப்பெட் கெட்டது. அதைச் சுத்தம் செய்து வாரிவிடலாம். கொஞ்சம் எழும்பும், சில வாரங்களில் மீண்டும் படுக்கும். எந்த இழையாயினும், நுனியில் முறுக்கு அவிழ்ந்து சிக்கிப்போன பகுதியைத் திரும்ப முறுக்க வழி கிடையாது. கீறி மங்கிய இழைக்கும் மீட்பு இல்லை.

மாடிப்படி தனிக் கதை. படியின் விளிம்பில் பைல் வளைந்து விரிந்து நிற்பதால் பக்கத்துத் தாங்கல் குறைகிறது. அதே கோட்டில்தான் இறங்குபவரின் முழுப் பாரமும் விழுகிறது. வீட்டில் உண்மையான தேய்மானம் முதலில் தெரியும் இடம் இதுவே. பழைய பிரிட்டிஷ் வீடுகளில் படிக் கார்ப்பெட்டை உலோகக் கம்பிகளால் பிடித்து, கூடுதல் நீளத்தை மடித்து வைத்திருந்து, அவ்வப்போது சில அங்குலம் நகர்த்திப் போடுவார்கள். விளிம்பில் வரும் பகுதி மாறிவிடும். இப்போது ஆணிப்பட்டையில் இறுக்கிவிடுவதால் அந்த வாய்ப்பு இல்லை. கார்ப்பெட்டின் கீழே போடும் அண்டர்லே மிகத் தடிமனாகவும் மெத்தென்றும் இருந்தாலும் கேடுதான். அமெரிக்கக் கார்ப்பெட் தொழில் அமைப்பு வீடுகளுக்கு 7/16 அங்குலத்துக்கு, அதாவது ஏறக்குறைய 11 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம் என்கிறது. உங்கள் வீட்டில் அது எவ்வளவு என்பதை மூலையைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். வாடகை வீட்டில் அதைச் செய்யுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

டெபாசிட் பற்றி. இங்கிலாந்தில் 2007 ஏப்ரல் முதல், இத்தகைய வாடகை டெபாசிட்டுகளை அரசு ஏற்ற காப்புத் திட்டங்களில் ஒன்றில் வைக்க வேண்டும்; தகராறு வந்தால் அந்தத் திட்டத்தின் தீர்ப்பாளரிடம் இலவசமாக முறையிடலாம். நியாயமான புழக்கத்தால் வரும் நலிவுக்கு வாடகைக்காரரிடம் பணம் பிடிக்க முடியாது. பழையதற்குப் பதில் புதியதன் முழு விலையையும் கேட்க முடியாது. வாதத்துக்காக அந்தக் கார்ப்பெட்டின் ஆயுள் ஐந்து ஆண்டுகள் என்று கொண்டால், நான்கு ஆண்டுகளுக்குப் பின் மிஞ்சியிருப்பது ஐந்தில் ஒரு பங்கு மதிப்பே. நடந்ததால் படிந்த தடம் புழக்கத்தின் விளைவு என்பதில் எனக்குத் தொழில்முறையாக ஐயமில்லை. இஸ்திரிச் சூடு, சாயக் கறை, நாய் பிறாண்டிய இடம் ஆகியவை வேறு வகை. சுத்தம் செய்யாமல் விட்ட அழுக்கும் உங்கள் பொறுப்பில்தான் வரும் என்பதால், முதலில் கார்ப்பெட்டைத் தொழில்முறையில் கழுவி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தடத்தை இரு திசைகளிலிருந்தும் படம் எடுத்து, நிமிர்த்திப் பிடித்த நூலின் அருகே அளவுகோல் வைத்து ஒரு படமும், சோபாவின் அடியிலிருந்து அதே போன்ற ஒரு படமும் எடுத்து, குடிபுகுந்தபோது கையெழுத்திட்ட பொருள் பட்டியலோடு சேர்த்து அனுப்புங்கள்.